ஐந்தே உறுப்புள்ள கத்தி

வெளியே கிளம்பும்போது சாவி, பேனா, கைக்குட்டையோடு ஒரு மடக்குக் கத்தியும் என் பையில் ஏறிவிடும். பார்சல் பிரிக்க, சணல் அறுக்க, பென்சில் சீவ, ரயிலில் பழம் நறுக்க என்று நாளுக்கு நாலு தடவையாவது கை அதைத் தேடும். பல கத்திகளைப் பழகிப் பார்த்துவிட்டேன். திருப்புளியும் கத்தரிக்கோலும் சேர்ந்த சுவிஸ் கத்தி, ஒற்றை விரலால் தட்டித் திறக்கும் கனத்த கத்தி, பித்தளைப் பிடி போட்ட பேனாக்கத்தி எல்லாம் வந்து போயின. கடைசியில் மனம் நிலைத்தது மரப்பிடி போட்ட ஒரு பிரெஞ்சுக் கத்தியில்தான். அதன் பெயர் ஒப்பினெல். அதிலும் எட்டாம் எண்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவாயில், கோடரியும் அரிவாளும் அடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒப்பினெல். 1890-ல், பதினெட்டு வயதில், அவர் உருவாக்கிய கத்தி இது. 1897-ல் இதையே 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்தார். இடையில் 1, 11 என்ற இரண்டு எண்கள் கைவிடப்பட்டன. மற்றவை இன்றும் விற்பனையில் இருக்கின்றன. ஆறாம் எண் என் உள்ளங்கையில் தொலைந்துபோகிறது. பத்தாம் எண்ணின் அலகு பத்து சென்டிமீட்டர். பைக்கு அது அதிகம். எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். நான்கு விரல்களும் பிடியில் அடங்கும். சுட்டுவிரல் அலகின் முதுகில் ஏறி உட்கார இடம் கிடைக்கும். எடையோ ஐம்பது கிராமுக்கும் குறைவு.

இதில் இருப்பவை மொத்தம் ஐந்து உறுப்புகள்: அலகு, மரப்பிடி, பிடியின் கழுத்தில் பதித்த வளையம், அலகைக் கோக்கும் ரிவெட், அவற்றின் மேல் சுழலும் இன்னொரு வளையம். உள்ளே வில் கிடையாது, திருகாணி கிடையாது. சுழலும் வளையம் 1955-ல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. அதில் ஒரு பிளவு உண்டு. பிளவு பிடியின் வாய்க்கு நேராக நிற்கும்போது அலகு மடங்கும். கட்டைவிரலால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் பிளவு விலகி, வளையத்தின் தகடு அலகின் அடிப்பக்கத்தில் வந்து நிற்கும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் கத்தி விரல் மேல் மடியாது. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் இப்படிப் பூட்டலாம். பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும் பயம் இல்லை. இரண்டு வளையமும் ஒரு பிளவும் செய்யும் காவல் இது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அலகின் மெலிவுதான். முதுகில் அளந்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. முதுகிலிருந்து வாய் வரை மெல்லிய வளைவாக இறங்குகிறது; நடுவில் மேடோ வரப்போ இல்லை. இதன் பெருமை ஒரு செங்காய்க் கொய்யாவை நறுக்கும்போது தெரியும். தடித்த அலகு பாதி தூரம் வெட்டும், மீதி தூரம் பிளக்கும்; துண்டின் முகம் பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். இந்த அலகு கடைசி வரை வெட்டுகிறது. துண்டின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாக, ஒவ்வொரு விதையும் அதனதன் குழியில் அசையாமல் இருக்கும். மாங்காயைத் தாள்போல் சீவலாம். பலம் காட்ட விரும்புகிறவர்களுக்குத் தடித்த அலகு பொருந்தும். ஆணி நெம்பவோ டப்பா மூடி திறக்கவோ என் கத்தியை நான் கொடுப்பதில்லை. அது வெட்டப் பிறந்தது.

எவர்சில்வர் அலகிலும் இது கிடைக்கிறது. நான் எடுத்தது கரி எஃகு. சாதாரணச் சாணைக்கல்லில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு போதும், தினசரித் தாளை ஓசையில்லாமல் கிழிக்கும் கூர் வந்துவிடும். ஒன்று மட்டும் உண்டு: புளிப்பு பட்டால் நிறம் மாறும். வாங்கிய புதிதில் வெள்ளியாய் மின்னிய அலகு, முதல் மாங்காய் பருவத்திலேயே நீலம் ஓடி, பிறகு சாம்பலாகி, இப்போது மழைமேக நிறத்தில் நிற்கிறது. இந்தக் கருமை கெடுதல் செய்வதில்லை. செந்துரு எளிதில் ஏறாமல் தடுக்கிறது. ஈரம் துடைத்து, வாரம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் வேறு எதுவும் கேட்காது. அலகின் மேல் கிரீடம் சூடிய ஒரு கை முத்திரை இருக்கிறது. 1909-ல் ஜோசப் தேர்ந்த சின்னம் அது. கருமை கூடக் கூட அந்தக் கை எழும்பித் தெரிகிறது.

பிடி பீச் மரம். உருண்டு, நடுவில் லேசாகப் பருத்து, நுனியில் மீன்வால்போல் விரிகிறது. எந்தப் பக்கம் பிடித்தாலும் கைக்குப் பொருந்தும். அடைமழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, மடங்கிய அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. அதற்குச் சவாய்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடியின் வால்நுனியை மேசையில் ‘டொக்’கென்று ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலைகாட்டும். அந்தத் தட்டுக்குச் சவாய்க்காரர்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதம் முழுக்க என் மேசையில் அந்தச் சத்தம் கேட்கும். வெயில் திரும்பியதும் மரம் தானே இளகிவிடும். பருவம் மாறுவதைக் கைக்குச் சொல்லும் பொருள் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

பையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதில் எத்தனை கருவி இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை அப்புறம் கேளுங்கள். நாள்தோறும் நீங்கள் எதை வெட்டுகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பிறகு கத்தியைத் திறந்து, அலகின் முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அது மெலிந்திருந்தால் வாங்குங்கள்.