முதல் படங்களின் ஆண்டு: 2018

2018 மார்ச் 1 முதல் ஏறக்குறைய ஏழு வாரம் தமிழ்நாட்டில் புதிய தமிழ்ப் படம் எதுவும் திரைக்கு வரவில்லை. டிஜிட்டல் திரையிடலுக்கு வாங்கப்படும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. தேங்கிய படங்கள் பிறகு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்தன. செப்டம்பர் 27 தொடங்கி மூன்று வாரத்துக்குள் 'செக்கச் சிவந்த வானம்', 'பரியேறும் பெருமாள்', '96', 'ராட்சசன்', 'வட சென்னை' ஆகிய ஐந்தும் வெளியாகின.

அந்த ஆண்டின் சிறந்த படம் எது, மோசமான படம் எது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் யாருடைய பட்டியலை எடுத்தாலும் ஒன்று கண்ணில் படும். மேலே நிற்பவை பெரும்பாலும் இயக்குநர்களின் முதல் படங்கள். மாரி செல்வராஜ், லெனின் பாரதி, பிரேம்குமார், நெல்சன், 'இரும்புத்திரை' மித்ரன், 'கனா' அருண்ராஜா காமராஜ் எல்லோரும் அந்த ஆண்டு அறிமுகமானவர்கள்தான். பட்டியலின் அடியில் கிடப்பவை, பழைய வெற்றியின் பெயரை இரவல் வாங்கிய இரண்டாம் பாகங்கள்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' அந்த ஆண்டின் தலைசிறந்த படம் என்பதில் தயங்க வேண்டியதில்லை. மணிரத்னத்தின் நட்சத்திரக் கூட்டமான 'செக்கச் சிவந்த வானம்' திரைக்கு வந்த மறுநாள் வெளியான இந்தப் படம், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் கூனிக் குறுகும் மாணவன் பரியன், தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகும் கருப்பி என்ற நாய், ஆணவக் கொலையைக் குலதெய்வத்துக்குச் செய்யும் கடமையாக நினைக்கும் கிழவர். சாதியைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு சாதிப் பெருமையையே பாடி வந்த தென்மாவட்டப் படங்களுக்குப் பிறகு, இந்த மூன்றும் பார்வையாளரை நிலைகுலைய வைத்தன. பெண்ணாக வேடமிட்டு ஆடும் பரியனின் தகப்பன் நடுரோட்டில் ஆடை உருவப்பட்டு ஓடும் காட்சியில் வன்முறையின் முழுக் கனமும் இருக்கிறது. ஒரு துளி ரத்தம் கிடையாது.

அடிபட்டவனே கடைசியில் ஏன் இவ்வளவு பொறுமை காட்ட வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடைசி உரையாடலில் பரியன் யாரையும் மன்னித்துவிடவில்லை. மாற வேண்டியவர் யார் என்பதை தன்னை விரும்பும் பெண்ணின் அப்பாவிடமே நேருக்கு நேர் சொல்லிவிடுகிறான்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' இதற்கு ஒரு மாதம் முன்பே வந்து சத்தமில்லாமல் போனது. ஏலத் தோட்டத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையே மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தேனி ஈஸ்வரின் கேமரா அவன் நடக்கும் வேகத்திலேயே மலையேறுகிறது. வாங்கிய நிலமும் கடனில் கைவிட்டுப் போக, அதே மண்ணில் நிற்கும் காற்றாலைக்கு அவன் காவலாளியாகிறான். விஜய் சேதுபதி தயாரித்த இந்தப் படத்துக்கு அவர் நடித்த படங்களுக்குக் கிடைத்த அரங்குகளில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

பிரேம்குமாரின் '96' படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். நாயகன் ராமின் தூய்மையைப் படம் தேவைக்கு மேல் போற்றுகிறது. கதை நடக்கும் அந்த ஒரு இரவை மனிதர்களின் இரவாக மாற்றுவது த்ரிஷாதான்.

இரண்டாம் பாகங்கள் அந்த ஆண்டு எட்டாவது வந்திருக்கும். 'கலகலப்பு', 'கோலி சோடா', 'தமிழ்ப் படம்', 'விஸ்வரூபம்', 'சாமி', 'சண்டக்கோழி', 'எந்திரன்', 'மாரி' எல்லாமே திரும்பி வந்தன. 'சாமி ஸ்கொயர்' இவற்றில் ஆகப் பலவீனமானது. 2003இல் ஆறுச்சாமிக்கு இருந்த திமிரும் திருநெல்வேலி மணமும் மகன் ராமசாமியிடம் வெறும் கூச்சலாகிவிட்டன. 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியான '2.0' வேறு வகை. செல்பேசிகள் பறந்து போகும் தொடக்கமும் முப்பரிமாணக் காட்சிகளும் அந்த அளவில் தமிழ்த் திரை அதுவரை காணாதவை. அக்‌ஷய் குமாரின் பட்சிராஜனுக்கு ஒரு துயரக் கதையும் இருந்தது. செல்பேசி அலைகள்தான் பறவைகளைக் கொல்கின்றன என்று நிரூபிக்கப்படாத ஒன்றை அடித்துச் சொல்லி, அந்தத் துயரத்தையும் இயந்திரச் சண்டையில் கரைத்துவிட்டார் ஷங்கர்.

தொழில்நுட்பக் குறைக்காக ஒரு படத்தை ஆண்டின் மோசமான படம் என்பது நியாயமாகாது. பெண்களையும் தன்பால் விருப்பம் கொண்டவர்களையும் கேலிப்பொருளாக்கி, வசூலும் கண்ட 'இருட்டு அறையில் முரட்டு குத்து' அந்தப் பெயருக்குத் தகும்.

உண்மையான சண்டை 'சீதக்காதி' பற்றித்தான். நாடக நடிகரான ஐயா ஆதிமூலம் முதல் பாதியிலேயே இறந்துவிட, அவரது கலை அடுத்தவர் உடலில் குடியேறுகிறது. நாடகக் காட்சிகளின் நீளத்தில் பொறுமை இழந்தவர்கள் பலர். அதே நீளம்தான் மேடைக் கலைஞனின் ஆயுளை உணர வைத்தது என்றவர்கள் சிலர். அந்தச் சிலர் பக்கமே நியாயம் அதிகம்.

2018க்கான தேசிய விருதுகள் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது, பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்'. 'பரியேறும் பெருமாள்', 'வட சென்னை' ஒதுக்கப்பட்டதாகப் பலர் வருந்தினார்கள். முதியவர்களைத் தலைக்கூத்தல் செய்து கொல்லும் வழக்கத்தைப் பேசிய 'பாரம்' 2020 பிப்ரவரியில்தான் திரையரங்குக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் விருதைப் பெற்ற செழியனின் 'டூலெட்' வெளியானதும் 2019 பிப்ரவரியில். விருதுக் குழு தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டைப் பார்க்கிறது, பத்திரிகைகள் வெளியீட்டுத் தேதியைப் பார்க்கின்றன. 2018 டிசம்பரில் வந்த பட்டியல்களில் இவ்விரண்டுக்கும் இடமில்லாமல் போனது அதனால்தான்.