ஒரு மலையின் முதல் எழுத்து

ஜவ்வாது மலையைக் களமாக வைத்து நண்பர் ஒருவர் எழுதிய நாவலைக் கைப்பிரதியில் படித்தேன். ஆசிரியர் பேசும் இடத்தில் எல்லாம் 'ஜவ்வாது'. மலைவாசிகள் வாயில் மட்டும் 'சவ்வாது'. ஜமுனாமரத்தூரும் அவர்களுக்குச் 'சமுனாமரத்தூர்' ஆகிவிடுகிறது. ஜகரம் அவர்கள் நாக்குக்கு வராது என்பது நண்பரின் கட்சி.

ஏன் வராது? 'பஞ்சு' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டி விலகுகிறது; தொண்டை அதிர்கிறது; பிறப்பது ஜகர ஒலிதான். 'பச்சை'யிலும் நாக்கு ஒட்டுகிறது, தொண்டைதான் அதிர்வதில்லை. 'பசி'யில் நாக்கு முழுக்க அடைக்காததால் இடுக்கில் காற்றுச் சீறுகிறது. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. ஜகரத்தைச் சொல்லின் முதலில் வைக்கும் பழக்கந்தான் தமிழில் இல்லை. தொல்காப்பியரைக் கேட்டால் 'ச'வே முதலில் வரக்கூடாது; அவர் கணக்கில் 'சவ்வாது'வும் தேறாது. பின்னால் வந்த நன்னூல்தான் அதற்கு இடம் கொடுத்தது.

இதே நாவலில் பட்டணத்து வக்கீல் ஒருவர் 'வாழைப்பழம்' என்று இலக்கண சுத்தமாகப் பேசுகிறார். ழகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைய வேண்டும், அண்ணத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ளகரமாகிவிடும். நம்மில் பலருக்கு ஒட்டத்தான் செய்கிறது. வக்கீலின் 'வாளைப்பளம்' மட்டும் நண்பர் காதில் விழவில்லை போலும்.

கொச்சை எழுதுவது தவறல்ல. ஏழையின் வாயை மட்டும் கொச்சையாக எழுதுவது கலையல்ல, கேலி. எல்லோர் நாக்கையும் கேட்டு எழுதட்டும். முடியாவிட்டால் மலைவாசிக்கும் அவன் மலையின் பெயரை முழுசாகக் கொடுத்துவிடட்டும்.