சீலோவாம் கோபுரமும் தோட்டத்து மண்சரிவும்: லூக்கா 13:1–9 பற்றிய ஒரு நோக்கு

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்து முதல் ஒன்பது வசனங்கள் பெரும்பாலும் மனந்திரும்புதலுக்கான எச்சரிக்கையாகவே போதிக்கப்பட்டு வந்துள்ளன. கலிலேயர் சிலரைப் பலியிடும் வேளையிற் பிலாத்து கொன்ற செய்தி இயேசுவிடம் கூறப்படுகின்றது. அவரோ, சீலோவாமிற் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டதையும் சேர்த்துக்கொண்டு, இறந்தோர் மற்றையோரினும் பாவத்தில் மிக்கவரோ என வினவி, இல்லை எனத் தாமே விடையிறுக்கின்றார். இந்த ‘இல்லை’யே பகுதியின் மையம் எனக் கருதுகின்றேன். போதகர் பலர் அதனை விரைந்து கடந்து, அடுத்துவரும் எச்சரிக்கைக்குச் சென்றுவிடுகின்றனர்.

புளத்கொகுபிட்டியவை அறிந்தோர்க்கு அவ்வாறு கடந்து செல்லுதல் எளிதன்று. 2016 மே 17ஆம் திகதி, பெருமழையைத் தொடர்ந்து, அங்குள்ள களுபஹன தோட்டத்து லயன் அறைகள் மண்ணுட் புதையுண்டன, உயிர்கள் பலியாயின. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னர், 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லந்த மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவின் பின், முன்னரே எச்சரிக்கப்பட்டும் மக்கள் இடம்பெயரவில்லை என்ற பேச்சு எழுந்தது. பாவம் என்ற சொல் இதில் இல்லை. ஆயினும் மாண்டவர் மீதே குற்றஞ்சுமத்தும் தருக்கம் அதுவே. அறையும் அடிநிலமும் தனக்கு உரித்தில்லாத தொழிலாளி எங்கே போவான்?

இத்தருக்கம் பெரியோரையும் விட்டுவைக்கவில்லை. 1934 ஜனவரியில் நிகழ்ந்த பீகார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை எனக் காந்தி திருநெல்வேலியிற் பேசியபோது, தாகூர் அதனை வெளிப்படையாக மறுத்தார். காந்தியின் நோக்கம் உயர்ந்ததே. எனினும் இடிபாட்டுள் மடிந்தோரில் தீண்டாமைக்கு உள்ளானோரும் இருந்திருப்பரன்றோ?

கிரேக்க மூலத்தின் ஒரு வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கலிலேயரைப் ‘பாவிகள்’ என்ற சொல்லாற் சுட்டும் லூக்கா, கோபுரத்தின்கீழ் இறந்தோர்க்குக் ‘கடனாளிகள்’ எனப் பொருள்படும் ‘ஒபெய்லெத்தாய்’ என்பதை ஆள்கின்றார். தமிழ் விவிலியத்தில் இது ‘குற்றவாளிகள்’ ஆகிவிட்டது. அரமேய மொழியிற் கடனைக் குறிக்கும் சொல்லே பாவத்தையுங் குறிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ முறையினாற் கடனோடு பிணைக்கப்பட்டிருந்தோரின் வழித்தோன்றல்கள் அதனை வெறும் உருவகமாகக் கேட்பரோ?

எச்சரிக்கையை அடுத்துவரும் அத்திமர உவமையே அதன் பொருளைத் தெளிவிக்கின்றது. மூன்றாண்டு கனி தேடி ஏமாந்த உரிமையாளன், நிலம் வீணாவானேன் என்று மரத்தை வெட்டப் பணிக்கின்றான். வரவுசெலவுக் கணக்கே அவன் தீர்ப்பு. தடுப்பவன் தோட்டக்காரன், ‘தோட்டக்காட்டான்’ என்ற வசையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இச்சொல் வேறு விதமாகவே ஒலிக்கும். அவன் வேண்டுவது ஓராண்டுத் தவணை. அதன் பின்னும் கனி தராவிடின் வெட்டலாம் என்றே அவனும் கூறுகின்றான். சுற்றிலும் கொத்துவதும் எருவிடுவதும் தன் வேலை என்கின்றான்.

முற்போக்கு விமர்சகர் இவ்விடத்து ஒரு தடை எழுப்பலாம்: பிலாத்துவின் கொலையையும் கோபுர விபத்தையும் ஒருசேர வைப்பதனாற் கொலைஞன் தப்பிவிடுகின்றானே என்பது. இத்தடை வலிமையுடையது. பிலாத்துவுக்கு இங்கு ஒரு கண்டனமும் இல்லை. கோபுரத்தைக் கட்டியோர் யாரென்றும் கேட்கப்படவில்லை. பகுதி தராததை அதனுள் ஏற்றுதல் ஆய்வு நெறியாகாது. பொய்யான விடையொன்றை அது அடைத்துவிடுகின்றது. சரிவில் லயன் அமைத்தது யார் என்ற வினாவை நாமே எழுப்பவேண்டியுள்ளது. உரிமையாளன் தவணைக்கு இசைந்தானா என்பதையும் லூக்கா எழுதவில்லை.