மெட்ராஸ் வங்கிக் கட்டடம்: ஒரு குறிப்பு

சென்னை ராஜாஜி சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பழைய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் வங்கின்னு தோணாது, அரண்மனைன்னுதான் தோணும். 1897இல் மெட்ராஸ் வங்கிக்காக எழும்பியது. வடிவமைப்பில் ஹென்றி இர்வினுக்குப் பங்குண்டு. கட்டியவர் நம்பெருமாள் செட்டி. இந்தோ-சாரசெனிக் பாணியை வெறும் அழகுக் கலவையாகப் படிப்பது போதாது என்பது என் கருத்து. "நம்பிப் பணம் போடு" என்று சொல்கிற கட்டடம் இது.

ஆனால், தோற்றத்தை வைத்து வங்கியை எடை போட முடியுமா? 1906இல் இதே சென்னையில் பெரும்பெயர் பெற்ற அர்பத்நாட் கம்பெனி திவாலாச்சு, சேமித்தவர்கள் தவித்தார்கள். அந்த அடியில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

எங்க ஊர் அண்ணாமலையார் கோயில் சுவரைப் பாருங்க. யார் கொடுத்தது, எவ்வளவு, எதுக்குன்னு கல்லிலேயே வெட்டி வச்சிருக்காங்க. வங்கிச் சுவரோ கம்பீரத்தை மட்டும்தான் காட்டுது, கணக்கு உள்ளேயே கிடக்கு.