நடுநிலை யாருடைய கடமை?

மதச்சார்பின்மைக்குப் பிரான்சையே முன்மாதிரியாகக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அம்முன்மாதிரியைச் சற்று ஆராய்தல் தகும்.

1905ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்தது. அரசு எம்மதத்தையும் அங்கீகரிப்பதில்லை, எம்மதக் குருமாருக்கும் வேதனம் வழங்குவதில்லை எனவும் விதித்தது. கட்டுப்பாடு அரசின்மீதே சுமத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டமோ, மதத்தை வெளிப்படையாகப் புலப்படுத்தும் சின்னங்களை அரசாங்கப் பாடசாலை மாணவர் அணிவதைத் தடைசெய்தது. அரசுக்குரியதாயிருந்த நடுநிலைக் கடமை இவ்வாறு முக்காடணிந்த மாணவிக்கும் உரியதாயிற்று.

பிள்ளைகளைச் சமூக நிர்ப்பந்தத்தினின்று காப்பதே இத்தடையின் நோக்கமென வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றாகப் புறக்கணித்தல் இயலாது. ஆயினும் அல்சாஸ், மொசெல் பகுதிகள் 1905இல் ஜேர்மனிய ஆட்சியிலிருந்தமையால், அரசையும் மதத்தையும் பிரித்த அவ்வேற்பாடு அங்கு இன்றும் நடைமுறையில் இல்லை. கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து, யூத மதகுருமாருக்கு அங்கு அரசே வேதனமளிக்கின்றது. இஸ்லாம் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. 2004ஆம் ஆண்டுத் தடையோ அங்கும் செல்லுபடியாகின்றது.

வரலாற்றின்பொருட்டுப் பழைய மதங்களுக்கு விலக்களிக்கும் அரசு, பின்வந்தோரிடம் மட்டும் கொள்கைத் தூய்மையை வேண்டுவது எங்ஙனம் நீதியாகும்? இவ்வினாவை எழுப்பாது பிரான்சைப் போற்றுதல் ஆய்வாகாது, வெறும் வழிபாடேயாகும்.