வீட்டில் செய்யும் பனிச்சறுக்குக் கட்டை: செய்முறைகள் சொல்வதும் சொல்லாததும்

பனி மூடிய மலைச் சரிவுகளில், காலணியோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு வழுக்கிச் செல்வதற்கான நீண்ட கட்டைகளை ஸ்கீ என்பர். தமிழில் சறுக்குக் கட்டை எனலாம். இன்று இவை பெரும்பாலும் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. எனினும், தம் வீட்டுக் கொட்டகையிலேயே இவற்றைச் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளனர். இவர்களுக்கென எழுதப்படும் செய்முறை விளக்கங்களும் ஏராளம். அவற்றின் நிறை குறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியையே காணாத நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மனிதனின் உடல் எடையையும் உயிரையும் தாங்க வேண்டிய ஒரு பொருளை வீட்டில் செய்யச் சொல்லும் குறிப்பு, எவற்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்? இக்கேள்வி பனிக்கு மட்டும் உரியதன்று. ஏணிக்கும் ஊஞ்சலுக்கும் படகுக்கும் அது பொருந்தும்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சறுக்குக் கட்டை பிறந்ததே வீட்டில்தான். சுவீடன் நாட்டின் கால்வ்டிரேஸ்க் என்னும் ஊரில் 1924ஆம் ஆண்டு கிடைத்த மரக் கட்டைகள் சுமார் 5,200 ஆண்டுகள் பழமையானவை. அல்தாய் மலைப்பகுதி மக்கள் மரக் கட்டையின் அடியில் குதிரைத் தோலைப் போர்த்தும் வழக்கம் உடையவர்கள். தோலின் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் கட்டை முன்னே வழுக்கும். மேட்டில் ஏறும்போது பின்னே சறுக்காது. நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் (1825-1897), இடையில் சற்று ஒடுங்கிய கட்டைகளைக் கொண்டு எளிதில் திரும்பிக் காட்டிப் புகழ் பெற்றார். இவர்களில் எவரும் செய்முறைப் புத்தகம் படித்தவர் அல்லர். எந்த மரம் முறியும், எவ்வளவு செதுக்கினால் தாங்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஒடித்துப் பார்த்துக் கற்றவர்கள். அந்த அனுபவம் இல்லாதவனுக்குத்தான் எழுத்து தேவைப்படுகிறது. ஆகவே அந்த அனுபவத்தின் இடத்தை நிரப்புவதே செய்முறை எழுத்தின் கடமை.

இன்றைய செய்முறைகள் பொருள்களை விளக்குவதில் குறை வைப்பதில்லை. நடுவில் ஆஷ், மேப்பிள், பாப்லர் போன்ற மரங்களின் பட்டைகளை ஒட்டிய மரக்கரு. அதன் மேலும் கீழும் எபாக்சி பிசினில் நனைத்த கண்ணாடி இழைத் துணி. அடியில் பனியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு. அதன் இருபுறமும் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும் எஃகு விளிம்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காப்புத் தகடு. இவற்றை வளைந்த அச்சின் மீது அடுக்கி, அழுத்தி, பிசின் இறுகும்வரை வைத்திருக்க வேண்டும். ஒரே பலகையைப் பயன்படுத்தாமல் பல பட்டைகளை ஒட்டுவது ஏன் என்பதையும் நல்ல குறிப்புகள் சொல்கின்றன. ஒரு பட்டை கோணினால் அடுத்த பட்டை அதை எதிர்த்து நிற்கும் என்பதே காரணம். இவ்வளவும் பாராட்டத்தக்கன.

குறை எங்கே தொடங்குகிறது? பொருளின் பெயரைச் சொல்வதில் காட்டும் அக்கறையை அளவின் பொருளைச் சொல்வதில் பலர் காட்டுவதில்லை. "மரக்கருவை நடுவில் 12 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைக்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். இழைப்புளி சற்று அதிகமாக ஓடி 11 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் என்ன ஆகும்? ஒரே மரத்தாலான பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே 1 மில்லிமீட்டர் குறைந்தால் விறைப்பு சுமார் 23 விழுக்காடு போய்விடும். மேலும் கீழும் கண்ணாடி இழை போர்த்திய கட்டையில் பெரும்பங்கு வலு அந்தப் போர்வைகளுக்கு இடையேயுள்ள தூரத்தின் இருமடியைப் பொறுத்தது; அங்கும் சுமார் 16 விழுக்காடு குறையும். ஒரு கால் கட்டை 12, மறு கால் கட்டை 11 என்று அமைந்தால், சறுக்குபவனின் இரு கால்களும் இரு வேறு விதமாகத் திரும்பும். எந்த மரம் என்று பக்கம் பக்கமாக வாதிடும் ஆசிரியர், இந்த 1 மில்லிமீட்டரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஒட்டுதலும் அப்படித்தான். மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மர அடிக்கோலை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம்போல் வைத்து, நடுவில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். அதே போன்ற இரண்டு கோல்களை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தாழ்வு பாதியாகும். இரண்டையும் மரப்பசையால் நன்கு ஒட்டிக் காயவிட்டு வைத்தால் தாழ்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். பசை மட்டும் விறைப்பை நான்கு மடங்கு ஆக்கிவிட்டது! சறுக்குக் கட்டையில் பசை விட்டுப்போனால் என்ன நேரும் என்பதை இதிலிருந்தே உணரலாம். அடுக்குகள் எல்லாம் அப்படியே இருக்கும். கட்டை மட்டும் கட்டையாக இராது.

பசை விடுவதற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை. பாலிஎத்திலீன் எதனோடும் எளிதில் ஒட்டாத பொருள். அதன் ஒரு முகத்தைத் தீச்சுடராலோ மின்முறையாலோ பக்குவப்படுத்தியிருக்க வேண்டும். எபாக்சியில் பிசினும் இறுக்கியும் குறிப்பிட்ட விகிதத்தில் வினைபுரிகின்றன. விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டி ஊற்றினால் மிகுதி வினைபுரியாமல் தங்கி ஒட்டை வலுவிழக்கச் செய்யும். மூன்றாவது, குளிரில் எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 180 சென்டிமீட்டர் நீளக் கட்டை 50 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் எஃகு சுமார் 1 மில்லிமீட்டரும் அலுமினியம் சுமார் 2 மில்லிமீட்டரும் சுருங்கும். இந்த இழுபறியைத் தாங்கவே எஃகு விளிம்பை ஒட்டி மெல்லிய ரப்பர் நாடாவை வைக்கிறார்கள். காரணத்தைச் சொல்லாமல் "ரப்பர் நாடா வைக்கவும்" என்று மட்டும் எழுதினால், நாடா கிடைக்காதவன் அதை விட்டுவிட்டே செய்வான்.

அழுத்தும் முறையைப் பற்றிய எழுத்தில் அலட்சியம் ஆபத்தாகிவிடுகிறது. காற்றுப்புகா உறைக்குள் கட்டையை வைத்துக் காற்றை உறிஞ்சினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் கிடைக்கும். 180 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டையின் மீது இது சுமார் 1,600 கிலோகிராம். உறை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் இதில் அச்சம் குறைவு. இதற்கு மாறாக, தீயணைப்புக் குழாயில் காற்றை நிரப்பி அழுத்தும் முறையில் மூன்று மடங்கு அழுத்தம் கொடுத்தால் சட்டத்தின் மீது விழும் விசை ஏறத்தாழ 5 டன். மரச் சட்டமும் நான்கு திருகுகளும் இதற்குப் போதா. இறுகாத பிசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம் என்பதும், கண்ணாடி இழைத் தூளைச் சுவாசிக்கக் கூடாது என்பதும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்திகள். கடைசிப் பக்க அடிக்குறிப்பில் இருந்தால் அவற்றைப் படிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

வீட்டுத் தயாரிப்பாளர்கள் முன்னோடியாகப் போற்றும் ஹாவர்டு ஹெட் என்பவரின் வரலாற்றைச் சொல்லும் முறையிலும் இதே குறை உண்டு. அமெரிக்க விமானப் பொறியாளரான இவர், கனத்த மரக் கட்டைகளால் சலிப்புற்று, 1947இல் அலுமினியக் கட்டைகள் செய்ய முனைந்தார். அலுமினியத்தை அவருக்கு முன்னரே முயன்றவர்களும் உண்டு. ஆனால் "விமானத் தொழில்நுட்பத்தின் வெற்றி" என்று இக்கதையைச் சொல்வது பாதி உண்மையே. விமானத்தில் பயன்படும் தேன்கூட்டு அமைப்பை அவர் முதலில் நடுவில் வைத்தார். அவர் கொண்டு சென்ற முதல் ஆறு ஜோடிகளையும் பயிற்சியாளர்கள் ஓட்டிப் பார்த்தனர், அத்தனையும் முறிந்தன. அதன்பின் ஏறத்தாழ நாற்பது வடிவங்களைச் செய்து செய்து ஒடித்துப் பார்த்த பின்னரே, 1950இல் நிலைத்து நின்ற கட்டை பிறந்தது. தேன்கூடு போய் ஒட்டுப்பலகை வந்தது. பனிக்கட்டியில் பிடிப்பதற்கு எஃகு விளிம்பு சேர்ந்தது. உலோகத்தில் பனி ஒட்டிக்கொண்டதால் அடியில் பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு தோல்விக்குக் கிடைத்த விடை. ஹெட்டின் உண்மையான கருவி, தம் கட்டையை முறிக்கத் தயங்காத பிறர் கால்களே. அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு முறிவுகளை விட்டுவிடும் செய்முறை, விடைகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனைப் போன்றது.

அப்படியானால் நல்ல செய்முறை எப்படி இருக்க வேண்டும்? கட்டையை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் எடை ஏற்றி, தாழ்வை அளந்த அட்டவணை அதில் இருக்க வேண்டும். இரு கட்டைகளின் அளவுகளும் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற வரம்பும் வேண்டும். வேகமாகத் திரும்பும்போது உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்கு விசை ஏறக்கூடும் என்பதால் சோதனை எடையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். காலணியைப் பிடிக்கும் பிணைப்பின் திருகுகள் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று ஒரு துண்டுக் கட்டையிலாவது பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை கட்டைகள் முறிந்தன, எங்கே முறிந்தன என்ற கணக்கையும் ஆசிரியர் மறைக்கக் கூடாது. "நான் செய்தேன், நன்றாக ஓடியது" என்பது ஒரு சோதனையின் முடிவு, விதியன்று.

இவற்றால் வீட்டு முயற்சியே வேண்டாம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதன் தன் கையால் செய்த பொருளை இன்றும் செய்யலாம். ஆனால் "செய்து பாருங்கள்" என்று அழைப்பவர், "ஒடித்தும் பாருங்கள்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கொட்டகையில் முறியும் கட்டைக்கு இழப்பு கொஞ்சம் மரமும் பிசினும்தான். சரிவில் முறிந்தாலோ அது ஒருவரின் கால்.