ஒரு நொடியும் இருபது நொடியும்

போசரி என்றால் புனேயில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு எம்ஐடிசி பட்டறைகளும், ஷிப்ட் மாறும் நேரத்தில் நாசிக் சாலையில் நகராமல் நிற்கும் வண்டிகளும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஊர்க்காரர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தொழிற்பேட்டைக்கு முன்பே இங்கே குஸ்தியும் கபடியும் இருந்தன. 2013ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா கேசரிக் குஸ்திப் போட்டி நடந்தது இந்த ஊரில்தான். நர்சிங் யாதவ் தொடர்ந்து மூன்றாவது முறையாக வெள்ளிக் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

இந்தச் செம்மண்ணில் புரண்டு வளரும் ஒரு பைல்வான், குத்தும் உதையும் கழுத்து நெரிப்பும் அனுமதிக்கப்பட்ட எம்எம்ஏ கூண்டுக்குள் போனால் என்ன ஆவான்? விடை தேட ஜப்பானிய வீராங்கனை ஒருவரின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அவர் பெயர் அயாகா மியூரா. ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கிய பிறகு எம்எம்ஏவுக்கு வந்தவர். 2019இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப்பில் இறங்கினார். தொடக்க வெற்றிகளை ஏறக்குறைய ஒரே பிடியை வைத்துக் குவித்தார்.

அந்தப் பிடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மியூரா எதிராளியின் கழுத்தை ஒரு கையால் வளைத்து, இடுப்பின் மேல் ஏற்றிக் கீழே போடுகிறார். விழுந்த கையோடு அவருடைய விலாவை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுகிறார். கழுத்தைச் சுற்றிய கை தளரவில்லை; எதிராளியின் ஒரு கை மியூராவின் அக்குளுக்குள் மாட்டியிருக்கிறது. அந்தக் கையை உருவ முயன்றால்தான் ஆபத்து. உருவிய முன்னங்கையைத் தன் காலுக்கடியில் செருகி மடக்குகிறார். தோள் மூட்டு திருகத் தொடங்கும்போது எதிராளிக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. 'அயாகா லாக்' என்று ரசிகர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

2025 பிப்ரவரியில் கத்தாரில் இந்தப் பிடிக்குள் சிக்கியவர் நம் ரிது போகாட். 'தங்கல்' படம் பார்த்தவர்களுக்கு அந்த மல்யுத்தக் குடும்பத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2017இல் 23 வயதுக்குட்பட்டோர் உலக மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர் முதல் சுற்றிலேயே தட்டிவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி, இடையில் தாய்மை என்று அவர் பக்கம் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இந்த ஒரு தோல்வியை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கக் கூடாது. அதையும் சேர்த்து அதுவரை ரிது கண்ட தோல்விகள் நான்கு. ஒன்று நடுவர்களின் தீர்ப்பில் போனது. மற்ற மூன்றும்: 2021இல் தாய்லாந்தின் ஸ்டாம்ப் பேர்டெக்ஸ் கை மூட்டைப் பூட்டினார், 2022இல் சிங்கப்பூரின் டிஃபனி டியோ பின்னாலிருந்து கழுத்தை நெரித்தார், 2025இல் மியூரா தோளைத் திருகினார். யாரும் அவரைக் குத்தி வீழ்த்தவில்லை. மல்யுத்தக்காரியைத் தரையில் வைத்தே முடித்திருக்கிறார்கள்.

இது ரிதுவின் தனிப்பட்ட பலவீனம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் 2017 நவம்பரில் ஷாங்காயில், அமெரிக்க எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சியின் மேடை ஏறினார் பரத் கண்டாரே. இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் வீரர், மகாராஷ்டிரக்காரர், குஸ்திப் பின்னணி கொண்டவர். சீனாவின் சோங் யாடோங் முதல் சுற்றிலேயே அவர் கழுத்தை முன்பக்கமிருந்து நெரித்து முடித்தார். ஆள் வேறு, ஊர் வேறு, எடை வேறு. முடிந்த விதம் மட்டும் அதேதான்: அடியில் அல்ல, பிடியில்.

காரணம் விதியில் இருக்கிறது. மண் குஸ்தியில் முதுகு மண்ணைத் தொட்ட நொடியில் ஆட்டம் முடிந்தது. சித்பட் என்று கூட்டம் கத்தும், இனாம் கைமாறும். அதனால் தாலீம் என்னும் குஸ்திக் கூடத்தில் பையன் முதல் நாளிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: என்ன ஆனாலும் மல்லாக்க விழாதே, குப்புறப் புரண்டுவிடு. பத்து வருடப் பயிற்சியில் அது யோசிக்காமலே நடக்கும் காரியமாகிவிடுகிறது. குஸ்தியில் உயிரைக் காக்கும் அந்தப் புரளல், கூண்டில் முதுகையும் கழுத்தையும் எதிராளிக்குத் தாரை வார்ப்பதாகிறது. காலைப் பிடிக்கத் தலையைக் குனிந்து பாய்வதும் அப்படித்தான். நெரிப்பு இல்லாத ஆட்டத்தில் நீட்டிய கழுத்துக்கு ஆபத்தில்லை.

ஜூடோவில் கணக்கு வேறு. எறிந்து முடிக்கவும் முடியும். எறிதல் சுத்தமாக அமையாவிட்டால் எதிராளியை மல்லாக்கக் கிடத்தி இருபது நொடி அழுத்திப் பிடித்தும் முழு வெற்றி வாங்கலாம். நெரிப்பும் முழங்கைப் பூட்டும் அனுமதி. ஒரு நொடி தொட்டால் போதும் என்று வளர்ந்த உடம்புக்கும், இருபது நொடி தாங்க வேண்டும் என்று வளர்ந்த உடம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் கத்தாரில் தெரிந்தது. மியூரா போடும் எறிதல்கூட நமக்குப் புதிதல்ல. கழுத்தை அக்குளில் இடுக்கி இடுப்பில் ஏற்றி வீசும் 'டாக்' மகாராஷ்டிரத் தாலீம்களில் பெயர்பெற்ற பிடி. வீசிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் நம்மவர்கள் கைவிரிக்கிறார்கள்.

இதை வைத்து ஜூடோவே மேல் என்று முடிவுகட்டினால் மியூராவின் பாதிக் கதையைத்தான் படித்ததாக ஆகும். ரிதுவை நெரித்த அதே டிஃபனி டியோ, 2020 பிப்ரவரியில் மியூராவையும் தோற்கடித்தார். அந்த முறை தரையில் அல்ல, குத்தில். கழுத்தைத் தேடி வந்த கையைத் தட்டிவிட்டு, தூரத்தில் நின்று அடித்து, மூன்றாம் சுற்றில் ஆட்டத்தை நிறுத்த வைத்தார். 2022 ஜனவரியில் சாம்பியன் சியோங் ஜிங் நானுடன் பட்டத்துக்கான மோதல். ஐந்து சுற்றும் மியூரா அதே பிடிக்கு அலைந்தார். ஐந்து சுற்றும் சியோங் அதற்குத் தயாராக வந்திருந்தார். தீர்ப்பு சாம்பியன் பக்கம் போனது. வரப்போவது என்னவென்று அரங்கத்தில் தேநீர் விற்பவருக்கும் தெரிந்திருக்கும்போது, தெரிந்தும் தடுக்க முடியாதவர்களை மட்டுமே அந்தப் பிடியால் வெல்ல முடியும். பட்டம் வைத்திருப்பவர்கள் அந்த ரகம் அல்ல.

பிடியிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. எறிதல் தவறினால், கழுத்தைக் கட்டியிருக்கும் ஜூடோக்காரரின் முதுகு எதிராளிக்குத் திறந்துகொள்கிறது. அதோடு சட்டைப் பிரச்சினை. ஜூடோவின் பிடிமானம் முழுவதும் காலரிலும் சட்டைக் கையிலும் இருக்கிறது. வெற்றுடம்பில் அது வழுக்கும். 1992 பார்சிலோனாவில் தங்கம் வென்ற ஹிடேஹிகோ யோஷிடா இதற்குச் சுலபமான வழி கண்டார். ஜூடோ அங்கியோடே சண்டைக்கு வந்தார். 2002இல் பிரேசிலின் ராய்ஸ் கிரேசியோடு மோதியபோது கிரேசி மயங்கிவிட்டதாகக் கருதி நடுவர் ஆட்டத்தை நிறுத்த, கிரேசி தரப்பு கொதித்துப் போனது. 2008 பெய்ஜிங் தங்கக்காரர் சடோஷி இஷீ 2009 கடைசி நாளில் இந்தத் துறைக்குள் காலடி வைத்தார். முதல் சண்டையே தோல்வி. தோற்கடித்தவர் தன்னைவிட மிக மூத்த அதே யோஷிடா. ஒலிம்பிக் தங்கம் கூட்டத்தைக் கூட்டும், சம்பளத்தையும் ஏற்றும்; அடியைத் தடுக்காது. பெய்ஜிங்கில் ஜூடோ வெண்கலம் வென்ற அமெரிக்காவின் ரோண்டா ரவுசிக்கு அதைப் புரியவைத்தது 2015இல் மெல்போர்னில் ஹாலி ஹோமின் இடது கால்.

ஜப்பான் ஜூடோவும் இந்திய மல்யுத்தமும் உரசுவது கத்தாரில் தொடங்கியதல்ல. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கராட் பக்கத்துக் கோலேஷ்வர் கிராமத்துக் காஷாபா ஜாதவ், நீண்ட ஆட்டத்துக்குப் பின் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடம் தோற்றார். ஜாதவுக்கு வெண்கலம், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம். இஷீக்குத் தங்கம். அந்த இஷீ அடிப்படையில் ஜூடோக்காரர். போருக்குப் பின் ஜூடோவுக்குத் தடை வந்ததால் மல்யுத்தத்துக்கு மாறியவர். மாறியவர் பழையதை அப்படியே சுமந்து வரவில்லை, புதிய விதியை முறையாகப் படித்தார் என்பதுதான் அவரிடம் கவனிக்க வேண்டியது. நம் பக்கமும் அப்படி ஒருவர் உண்டு. கனடாவுக்காக 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மல்யுத்தத் தங்கம் வென்ற அர்ஜன் புல்லர், 2021இல் பிராண்டன் வெராவை வீழ்த்தி ஒன் சாம்பியன்ஷிப்பின் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தார். கீழே தள்ளியதோடு நிற்காமல் மேலே இருந்து அடித்தே முடித்தார். நேரெதிரே நின்று குத்தவும் அவர் கற்றிருந்தார்.

அப்படியிருந்தும் போசரிப் பையன்கள் ஏன் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை? பயத்தால் அல்ல. கேசரி வென்றால் மாநிலக் காவல்துறையில் டிஎஸ்பி நாற்காலி கிடைக்க வழியிருக்கிறது. நர்சிங் யாதவுக்கும், அவருக்குப் பின் மூன்று முறை வென்ற விஜய் சௌத்ரிக்கும் கிடைத்தது. ஊர்த் திருவிழாக் குஸ்தியில் கையில் பணம் வருகிறது. கூண்டுக்குப் போகிறவனுக்கு இரண்டும் இல்லை. பால், பாதாம், நெய் என்று மகனுக்காகக் கடன் வாங்கும் அப்பா எந்தப் பக்கம் தள்ளுவார் என்று கேட்கவே வேண்டாம்.

அந்தக் கணக்கு மாறக்கூடும். 2026 ஐச்சி-நாகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்எம்ஏவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆசியப் பதக்கம் என்றால் அரசு வேலை பற்றிய பேச்சு தானாக வரும், தாலீம்களிலிருந்து பையன்களும் கிளம்புவார்கள். போசரியில் குஸ்தி கற்றுத்தரும் வஸ்தாதுகள் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். வாரத்தில் இரண்டு மாலை, மண்ணை விட்டு விரிப்பில் இறக்கி, மல்லாக்கக் கிடந்தபடியே கழுத்தையும் கையையும் காத்துக்கொள்ளப் பழக்குங்கள். டாக் போட்ட பிறகு எழுந்து கூட்டத்தைக் கும்பிடாமல், இருபது நொடி அங்கேயே உட்காரச் சொல்லுங்கள்.